முடிக் காப்பு என்று மட்டும் சொன்னேன்

குதிரை வாலை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாய் என் வாசலில் வந்து நின்ற அன்று, எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்ப முடியாது. உட்கார்ந்த வாக்கில் மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு முக்கியமான ஆள் யாரும் அந்த நாட்களில் என் வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் திரும்பாமலேயே, "சவுரி அடுத்த வாரம்தான் கிடைக்கும், போயிட்டு வாங்க" என்றேன்.

"சவுரிக்கு வரலம்மா," என்றார் பாய்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்னறை ஒன்று, படுக்கிற அறை ஒன்று, சமையல்கட்டு ஒன்று என்று இருந்த வாடகை வீட்டில் நான் சவுரி கட்டிக்கொண்டிருந்தேன். பின்னல் குட்டையாக இருக்கிற பெண்கள் நீளத்துக்காக வைத்துப் பின்னிக்கொள்ளும் முடிக்கற்றைதான் சவுரி. கல்யாணப் பெண்கள் வாங்குவார்கள், நாட்டியம் ஆடுகிற பெண்கள் வாங்குவார்கள், முடி கொட்டிப்போன மாமிகள் யாருக்கும் தெரியாமல் வாங்குவார்கள். என் தலையில் இருந்ததோ எலிவால் மாதிரி ஒரு பின்னல். "ஊருக்கெல்லாம் கூந்தல் குடுக்கறே, நீ ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?" என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள். பொழுது விடிந்தால் முடி, பொழுது போனால் முடி, சோற்றில் முடி, படுக்கையில் முடி. இதில் என் தலையிலும் வேறு ஏற்றிக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் ராத்திரி டூட்டி. பகல் முழுக்க உள்ளே தூங்குவார். அதனால் சண்டை போடுவதாக இருந்தாலும் நான் கிசுகிசுத்துத்தான் போட வேண்டும்.

பாயை எனக்குத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆட்டோக்கள் பெருகிய பிறகு ஜட்காவில் ஏற ஆளில்லை. கடைசிக் காலத்தில் அவர் வண்டியில் கோணிமூட்டைகள்தான் ஏறின. பிறகு ஒரு நாள் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. பாய் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் நான் அவரை நினைக்கவே இல்லை.

அவர் பையை என் முன்னால் வைத்தார். வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நான் நகத்தால் நோண்டிப் பார்த்தேன், முடிச்சு அசையவில்லை.

"அப்டியில்ல தங்கச்சி," என்று தொங்கிக்கொண்டிருந்த நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சு இருந்த இடமே தெரியாமல் கயிறு கழன்று விழுந்தது. "குதுரக்காரன் முடிச்சு. எத்தினி குதுர இழுத்தாலும் வுடாது. நாம இந்த நுனியப் புடிச்சு இஸ்தா ஒடனே வரணும். வண்டி சாஞ்சுதுன்னா அவுக்க நேரம் ஏது?"

உள்ளே பார்த்தேன். சேறும் ஒட்டுப்புல்லும் செங்கல் தூளுமாக, பாதி அறுந்து, ஒரு கைப்பிடி முடி. வாடை குப்பென்று அடித்தது.

"ஐயே! என்ன பாய் இது?"

"என் குதுர வாலும்மா. இதுல ஒரு கையில போட்டுக்கற மாதிரி, காப்பு கணக்கா பின்னிக் குடுக்கணும். என் பொண்ணுக்கு."

"உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? பொம்பளைங்க தலையில வெச்சுக்கறதுக்கு நான் கட்டறேன். குதிரை வாலையெல்லாம் என் பலகையில போட முடியாது."

"சவுரின்ற பேரே வாலுதானேம்மா. நம்ம வண்டில தமிழ் வாத்தியார் ஒருத்தரு வருவாரு. அவரு சொல்லிகீறாரு. இமயமலைல கவரின்னு ஒரு மாடு கீதாம். அதும் வால வெச்சு வந்த பேராம் சவுரி."

எனக்கு வந்த கோபத்துக்குக் கழுத்து வலி கூட மறந்துபோனது. இத்தனை வருடமாக நான் செய்கிற தொழிலுக்குப் பெயரே மாட்டு வால் என்று ஒரு மூட்டை தூக்குகிறவர் வந்து எனக்குச் சொல்கிறார். எழுந்து போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பாயின் மகள் தாயில்லாப் பெண். வீட்டில் அவள், பாய், கூரைச் சார்ப்பில் குதிரை, அவ்வளவுதான். ஏழு வயதிலிருந்து குதிரையின் வாலை வாரிவிடுவது அவள் வேலை. ரம்ஜானுக்கு ரிப்பன் வைத்துப் பின்னிவிடுவாளாம். ஓட்டம் நின்ற பிறகு தீவனம் போட வழியில்லாமல் பாய் குதிரையைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டார். மகளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொந்தக்காரர் தோப்பில் புல் நிறைய இருக்கிறது, கொஞ்ச நாள் இளைப்பாறட்டும் என்று விட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவளும் நம்பி, தோப்பில் ஈ கடிக்கும், வாலை மட்டும் கத்தரிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினாளாம். நாலு மாதம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து வந்த யாரோ, உங்கள் குதிரையைச் சூளையில் பார்த்தேன், முதுகெல்லாம் புண் என்று சொல்லிவிட்டார்கள்.

"அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசலம்மா. ஒரு வருஷம் ஆச்சு. சோறு போடும். துணி தோச்சு வெக்கும். பெத்த அப்பன 'அத்தா'ன்னு ஒரு வார்த்த கூப்புடல. போன வாரம் குதுர மவுத்தாயிடுச்சுன்னு சேதி வந்துச்சு. பஸ்ஸப் புடிச்சு ஓடினேன். அவனுங்க வாலையும் கன்னாபின்னான்னு வெட்டி வுட்டுகீறானுங்க. பொதைக்கறதுக்கு முன்னாடி மிச்சம் இருந்தத அறுத்துகினு வந்தேன்." பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு நிக்கா. வாணியம்பாடில குடுக்கறேன். போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி 'அத்தா'ன்னு கூப்ட்டா போதும்மா எனக்கு."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவளுடைய பழைய வளையல் ஒன்றை அளவுக்கு வைத்துவிட்டு அவர் போனார். வாசல் தாண்டுகிற வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போன மாதிரி எனக்கு ஞாபகம், அவ்வளவு பயம், நான் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேனோ என்று.

அந்த முடியை என்ன பாடுபடுத்தினேன், அது என்னை என்ன பாடுபடுத்தியது! மூன்று தண்ணீரில் அலசினேன். பிறகு சீயக்காய் போட்டுக் கசக்கினேன், பெண்கள் முடிக்குச் செய்கிற மாதிரியேதான். வேறு முறை எனக்குத் தெரியாது. ஈரம் பட்டதும் லாயத்து வாடை வீடு முழுக்கப் பரவி, என் வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "என்னடி செத்து கிடக்குது?" என்று கேட்டார். நிழலில் உலர்த்தி, ஆணி அடித்த பலகையில் வைத்து இழுத்தேன். பாதிக்கு மேல் முறிந்த முடி, அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். நீளமாகத் தேறியது சரியாக ஒரு காப்புக்கு மட்டும். அதை வேர்ப்பக்கம் ஒருபுறம், நுனிப்பக்கம் ஒருபுறம் என்று திருப்பி அடுக்கினேன். சவுரியில் இது மாறினால் சிக்கு விழும். குதிரைக்கும் அப்படித்தானா என்று யாரைப் போய்க் கேட்பது?

பெண்கள் முடி பின்னும்போது ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். இது உட்காரவில்லை. கையை எடுத்தால் பிரிந்து நின்றது. ஈரத் துணியில் சுற்றி வைத்து, நனைத்து நனைத்துப் பின்னினேன். எட்டுக் கால், அதாவது எட்டுப் பிரி, எடுத்து உருண்டைப் பின்னல். இறுக்கி இழுக்கும்போது விரல் மடிப்பில் அறுத்துவிடும். நாட்டியப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கான சவுரிகளைப் பகலில் கட்டிவிட்டு, சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் இதற்கு ஒரு மணி நேரம். கை எரியும், கழுத்து எரியும், வாயில் வந்தபடி பாயைத் திட்டுவேன்.

ஆனால் ஒன்று. அந்தக் கறுப்பு முடிக்குள் அங்கங்கே பழுப்பு முடி இருந்தது. வெயிலில் பிடித்தால் செம்புக் கம்பி போலத் தெரியும். அதையெல்லாம் பொறுக்கி ஒரே காலில் சேர்த்தேன். பின்னி முடித்தபோது கறுப்புக் காப்பைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு கொடி மாதிரி சுற்றிக்கொண்டு போயிற்று. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல் நானாகச் செய்தது அது. சவுரியில் இப்படிச் செய்ய இடமே இல்லை. நல்ல சவுரி என்றால் அது இருப்பதே தெரியக் கூடாது. என் வேலை வெளியே தெரியும்படி நான் செய்தது அது ஒன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டு முனையையும் சேர்த்து வெள்ளிப் பூண் போட்டுக் கொக்கி வைக்க வேண்டும். மார்க்கெட் முனையில் இருந்த பத்தரிடம் கொண்டுபோனேன். சின்னக் கடை. பத்தர் யோக்கியமான மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் போன நேரத்தில் கடையில் இரண்டு பெண்கள் மூக்குத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி போன மாதம் என்னிடம் சவுரி வாங்கினவள். அவள் தலையில் அப்போது இருந்ததே என் சவுரிதான்.

அங்கே நின்றுகொண்டு இது குதிரை வால் முடி என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவள் கை முதலில் எங்கே போகும்? தன் பின்னலுக்குத்தான் போகும். சாயங்காலத்துக்குள் தாம்பரம் முழுக்க, நான் குதிரை வாலில்தான் சவுரி கட்டுகிறேன் என்று ஆகிவிடும். அதனால் பொட்டலத்தைக் கல்லா மேல் வைத்து, "முடிக் காப்பு பத்தரே, ரெண்டு பக்கமும் பூண் கட்டிக் கொக்கி வெச்சுக் குடுங்க. வியாழக்கிழமை வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் முடிக் காப்பு என்றால், முடி மோதிரம் என்றால், அது யானை முடி. போட்டுக்கொண்டால் பயம் தெளியும் என்று குழந்தைகளிலிருந்து கிழவர் வரைக்கும் போட்டுக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் யாரும் ஏது எங்கே என்று கேட்டதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம்.

வியாழக்கிழமை பத்தர் ரோஸ் காகிதத்தில் மடித்துத் தயாராக வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கேம்மா. வீட்ல போய்ப் பாருங்க" என்றார். பூணை மெருகு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் பாய் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்க்காமல் அப்படியே கையில் கொடுத்தேன். ஆண்டு விழாச் சவுரியெல்லாம் மறுநாளே போய்ச் சேர வேண்டும், ஐந்து சவுரிக்கு இன்னும் குஞ்சலம் வைக்கவில்லை. அவர் பிரிக்கப் போனார். "வீட்ல போய்ப் பிரிங்க பாய், பொண்ணு கையில குடுத்துப் பிரிங்க" என்று விரட்டினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த இடத்தில்தான் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஒரு காகிதத்தைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்துக்கு பாய் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. ரோஸ் காகிதத்தை என் பலகை மேல் வைத்தார்.

"இன்னா தங்கச்சி இப்டி பண்ட்ட?"

"நான் என்ன பண்ணேன்?"

"பொண்ணாண்ட குடுத்தேன். பிரிச்சுப் பாத்துச்சு. ரெண்டு வெரலால உருட்டிப் பாத்துச்சு. அப்புறம் செவுத்தப் பாத்து சொல்லிச்சு, இது ஆன முடி, இதுலயும் பொய்யா அப்டின்னு. வெச்சுட்டு உள்ள பூடுச்சு." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் ஒரு வாட்டிதாம்மா பொய் சொன்னேன். இது பொய்யில்லன்னு எப்டி சொல்லுவேன் இப்போ?"

"என் கையால பின்னினது பாய்! பாருங்க என் விரலை! நான் எதுக்கு..." என்று கத்திக்கொண்டே காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே இரும்புக் கம்பி மாதிரி தடித்தடியாக, பளபளவென்று நான்கு யானை முடி. அழகான வெள்ளிப் பூண். பழுப்புக் கோடு இல்லை. என் பின்னல் இல்லை.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "யார்டி அங்க கூச்சல்?" என்றார். பதில் சொல்லாமல் செருப்பு கூடப் போடாமல் மார்க்கெட்டுக்கு ஓடினேன். பாய் பின்னாலேயே வந்தார்.

பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எங்களை முகமலர்ச்சியோடு வரவேற்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் பாவி மனிதர்.

"பாத்தீங்களாம்மா? உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. எனக்குக் கையில எடுத்த உடனே சந்தேகம். நுனியை விளக்குல காட்டிப் பாத்தேன், குதிரை முடி! ரோட்டோரத்துல விக்கிறவன் எவனோ யானை முடின்னு சொல்லித் தலையில கட்டிட்டான். தெரிஞ்சவங்க, இப்படி ஏமாந்துட்டாங்களேன்னு எங்கிட்ட இருந்த நல்ல யானை முடியைப் போட்டுக் கட்டிட்டேன். அதுக்கு ஒண்ணும் நீங்க தர வேணாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு இதையும் சொன்னார்: "ஆனா ஒண்ணு சொல்லணும். பின்னினவன் கெட்டிக்காரன். அந்த மாதிரிப் பின்னல் நான் பாத்ததில்ல. திருட்டுப் பய, இவ்வளவு கைவேலையை வெச்சுக்கிட்டு ஏமாத்திப் பிழைக்கிறான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. "அந்தத் திருட்டுப் பய நான்தான் பத்தரே," என்றேன். "அது குதிரை முடிதான். குதிரை முடியாத்தான் வேணும். எங்க அது?"

பத்தர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பாய் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல பத்தருக்கு முகம் வெளுத்துப்போனது. "நீங்க முடிக் காப்புன்னுதானேம்மா சொன்னீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"வெட்டிப் போட்டுட்டேன்," என்றார். பிறகு சட்டென்று எழுந்தார். "வெளிய போகலம்மா. என் கடையிலேர்ந்து ஒரு தூசி வெளிய போகாது."

அது உண்மை. பத்தர் கடைக் குப்பையை யாரும் வீதியில் கொட்ட மாட்டார்கள். அதில் பொன்தூள் இருக்கும். கூட்டி அள்ளி ஒரு தகர டின்னில் சேர்த்து வைப்பார்கள். குப்பையை வாங்கிப் போய் எரித்துச் சாம்பலை அரித்துத் தூள் எடுக்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவர் எப்போது வருவார் என்று கேட்டேன். மறுநாள் காலை என்றார் பத்தர்.

கடைக் கதவைப் பாதி சாத்தினார். தரையில் பழைய பேப்பர் விரித்து டின்னைக் கவிழ்த்தார். கரி, செங்கல் பொடி, பீடித் துண்டு, நூல், தீக்குச்சி. மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து துழாவினோம். மின்விசிறியை நிறுத்திவிட்டதால் வேர்வை கொட்டிற்று. பாய் தும்மப் போனார். "பாய், தும்மாதீங்க, பறந்துடும்!" என்று பத்தர் அலறினார். பாவம், அந்த நேரத்திலும் அவருக்கு அவர் பொன்தூள் கவலை. அதற்கு ஒரு பத்து நிமிஷம் முன்னால் என்றால் நான் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். அப்போது தெம்பில்லை.

பாய் கைக்குத்தான் அது கிடைத்தது. ஒரு முனை கருகி, இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, சாம்பல் பூசி, புழு மாதிரிச் சுருண்டிருந்தது. பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் துண்டு நுனியால் சாம்பலைத் துடைத்தார். பத்தர் யானை முடிக் காப்பைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அது இன்றைக்கும் என் பீரோவில் கிடக்கிறது. நான் போட்டுக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்து அலசி, தளர்ந்த முனைகளை நனைத்துத் திருப்பிப் பின்னிப் பார்த்தேன். இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது. மணிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்தால் இரண்டு முனையும் சேராது. பூண் போட இடமில்லை. கொக்கிக்கும் இடமில்லை. சவுரிக்குக் கட்டுகிற கறுப்பு நூலால் இரண்டு முனையையும் தனித்தனியாக இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் நூலை நீளமாகத் தொங்கவிட்டேன். கையில் வைத்து நூலை முடிந்துகொள்ள வேண்டியதுதான். கருகின முனையை வெட்டலாம் என்று பார்த்தேன், இன்னும் குறையும், அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் நானே எடுத்துக்கொண்டு போனேன். பாய் கையில் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள் என்று தெரியும். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகிற வழியில் அவர் வீடு. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பாய் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி வெளியே நின்றார். உள்ளே அவள் இரண்டு கையிலும் மருதாணி காயவைத்துக்கொண்டு கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். அப்பாவின் முகம்.

நான் யார் என்று சொன்னேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். நான் வெட்கப்பட்டது, முடிக் காப்பு என்று மட்டும் சொன்னது, பத்தர் நல்லது செய்தது, டின்னைக் கவிழ்த்தது. "தப்பு என்னுதும்மா. உங்க அப்பாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. காப்பை எடுத்துக் காட்டினேன். கையில் மருதாணி, தொட முடியாது. "அக்கா, இங்க வெய்யுங்க" என்று கன்னத்தைக் காட்டினாள்.

அவள் கன்னத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். மோந்து பார்த்துவிட்டு, "சீக்கா வாசன வருதே" என்றாள்.

இவளுக்கு வேண்டியிருந்தது அந்த லாயத்து வாடையாக இருந்தால்? அதைத்தானே நான் மூன்று தண்ணீரில் அலசிக் கொட்டினேன். "கழுவிட்டேம்மா, தெரியாம சீயக்காய் போட்டுட்டேன்," என்றேன்.

"சின்ன வயசுல எனக்கு எண்ண தேச்சு வுடறப்பல்லாம் அதுக்கும் சீக்கா போடணும்னு அழுவேன். குதுரைக்கு சீக்கா போட்டா ஊரே சிரிக்கும்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். யார் சொன்னது என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கக் கை இல்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"கட்டி வுடுங்கக்கா," என்று இடது கையை நீட்டினாள்.

நூலைக் கையில் எடுத்தேன். இரண்டு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். உடம்பு அதற்குத்தான் கெஞ்சிற்று. ஆனால் வாசலில் அந்த மனிதர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என் விரல் எல்லாம் அறுந்து கிடக்குதும்மா, முடிச்சுப் போட வராது," என்றேன். பச்சைப் பொய். வாசலைப் பார்த்து, "பாய்! இங்க வாங்க. இதைக் கட்டிட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்தார். மகள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் நீட்டின கையை மடக்கவில்லை. பாய் அவள் முன்னால் குந்தினார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கையில் நூல் நிற்காமல் இரண்டு தடவை நழுவிற்று. காப்பைச் சுற்றி, முனைகளை நெருக்கி, நூலை வளைத்து, வளையத்துக்குள் வளையம் விட்டு இறுக்கினார். அவர் கைக்குத் தானாக வந்தது அந்தக் குதிரைக்காரன் முடிச்சுதான். ஒரு நுனி நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன்.

அவள் மெதுவாகத் திரும்பித் தன் கையைப் பார்த்தாள். அந்தத் தொங்குகிற நுனியைப் பார்த்தாள்.

"அத்தா," என்றாள்.

பாய் தலையைத் தூக்கவில்லை. காதில் விழுந்ததை நம்பாதவர் மாதிரி இருந்தார்.

"இது இஸ்தா அவுந்துடும் அத்தா. அவுக்கறதுக்குக் கட்டாதீங்க."

அவர் நுனியைப் பிடித்தார். ஒரு இழுப்புதான். அது அவரால் முடியவில்லை. கடைசியில் அவளே மருதாணி விரலால் இழுத்து அவிழ்த்தாள். நூலெல்லாம் மருதாணி அப்பிக்கொண்டது. பாய் மறுபடி கட்டினார். ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று.

"இறுக்கமா கீதா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் அவள்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.